கைநாட்டு வாங்கும் முன்: களப்பயிற்சியை நிறுத்திய பீடச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும், பீடச் சபை உறுப்பினர்களுக்கும், சட்டக் கற்கைகள் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

சட்டக் கற்கைகள் இளமாணிப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இரண்டு அரையாண்டுகளும் நடந்துவந்த, ஊர்களில் மேசை போட்டு மேற்பார்வைச் சட்டத்தரணியோடு இருந்து சனத்தின் சட்டக் கடதாசி வேலைகளுக்கு உதவும் சட்டத் துணையாளர் களப்பயிற்சியை அடுத்த கல்வியாண்டிலிருந்து நிறுத்துவதென்றும், அதற்குரிய ஆறு கிரெடிட்டுகளையும் 6,000 சொற்களில் எழுதும் ஓர் ஒப்படைக்கு மாற்றுவதென்றும் நீங்கள் எடுத்த முடிவை, அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டிருந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்தே நாங்கள் அறிந்துகொண்டோம். அந்தப் பயிற்சியை முடித்து வெளியேறும் கடைசி அணியின் பொறுப்பாளராக இருந்தவள் நான். என் புள்ளிகள் பதிவாகிவிட்டன; இந்த முடிவால் எனக்கு நேரும் இழப்பு எதுவுமில்லை. எனக்குப் பின்னால் வரும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகவும், வெள்ளிக்கிழமைகளில் பல்தேவைக் கட்டடத்தின் வாசலில் கடதாசிகளோடு காத்திருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் மூன்று காரணங்கள் இருந்தன. மாணவர் ஒருவர் தம் எல்லையை மீறி ஆலோசனை கூறியதால் ஒரு கட்சிக்காரர் பாதிக்கப்பட்டதாக முறைப்பாடு வந்தது என்பது ஒன்று. போக்குவரத்துக்கும் மேற்பார்வைச் சட்டத்தரணியின் கொடுப்பனவுக்கும் நிதி இல்லை என்பது இன்னொன்று. ஒப்படையாலும் அதே கற்றல் பேறுகளை அடையலாம், புள்ளியிடுவதும் இலகு என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் பின்னால் தாளில் எழுதப்படாத விடயம் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். மூன்றாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை என்பதற்கு நானே சாட்சி.

இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில், சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலமான சத்தியக்கடதாசி பற்றிய வினாவுக்கு நான் நல்ல புள்ளி எடுத்தேன். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர் சத்தியக்கடதாசி முடிக்கும்போது அதை அவருடைய மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும், அவர் அதை விளங்கிக்கொண்டதாகத் தென்பட்டது என்று முடிவுக் குறிப்பிலும் எழுத வேண்டும் என்று 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 439ஆம் பிரிவு சொல்வதை மனப்பாடமாக எழுதியிருந்தேன். அதற்கு எட்டு மாதங்களின் பின், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் மேசைக்கு ஓர் அம்மா வந்தார். காணாமற்போன மகனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளாமலே பெறக்கூடிய, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மரணப் பதிவுத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த சான்றிதழுக்கு அவர் விண்ணப்பிக்க இருந்தார். நான் முந்திய வாரம் வேறொருவருக்குத் தயாரித்த கோப்பை மடிக்கணினியில் திறந்து, பெயரையும் விலாசத்தையும் மாற்றி அச்சிட்டு, மைப்பெட்டியின் மூடியைக் கழற்றி, அவருடைய இடது பெருவிரலைப் பிடித்தும்விட்டேன்.

"வாசிச்சுக் காட்டினீங்களா, தங்கச்சி?" என்று பக்கத்து மேசையிலிருந்து மேற்பார்வைச் சட்டத்தரணி கேட்டார்.

விரலை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் வரி "கத்தோலிக்கராகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது" என்று இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த அந்த அம்மா, "நான் வேதக்காரியில்லையே மனே" என்றார். சத்தியம் செய்வதற்குப் பதிலாக இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் உறுதியுரை செய்ய 1895ஆம் ஆண்டின் சத்தியங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இடமளிப்பதும் நான் படித்த விடயந்தான். வெட்கத்தோடு திருத்திக்கொண்டு மூன்றாம் பந்திக்கு வந்தபோது அவர் மறுபடியும் இடைமறித்தார்: "பள்ளிக்கூடத்தில பதிஞ்ச பேரு வேறயே, அத எழுதல்லையா?" மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியிருந்தால், பிழையான உறுதியுரையும் பாதி உண்மையும் கொண்ட ஒரு தாளோடு அவர் பிரதேச செயலகத்துக்குப் போய், திரும்பி, இன்னொரு நாளைக் கூலியையும் இழந்திருப்பார். பரீட்சை மண்டபத்தில் எனக்குத் தெரிந்திருந்த 439ஆம் பிரிவு அந்த மேசையில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை 6,000 சொற்களில் எந்த இடத்தில் அளக்கப்போகிறீர்கள் என்று பாடத்திட்டக் குழுவினரிடம் கேட்கிறேன்.

ஒப்படைக்குத் தரப்படும் நிகழ்வுகள் அரைப் பக்கத்தில், திகதி ஒழுங்கில், வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லாமல் வரும். மேசைக்கு வருபவர் அப்படி வருவதில்லை. அவர் ஒரு சொப்பின் பையோடு வருகிறார். அதற்குள் காணி அனுமதிப்பத்திரத்தின் மங்கிய பிரதியும், கணவரின் மரணச் சான்றிதழும், கடன்காரர்களின் துண்டுகளும், பிள்ளையின் தடுப்பூசி அட்டையும், எதற்கென்று தெரியாத ஓர் அழைப்பாணையும் ஒன்றாகக் கிடக்கும். எங்கள் முதல் வேலை சட்டம் பேசுவதல்ல. அவற்றை மேசையில் பரப்பித் திகதிப்படி அடுக்குவதும், அடுக்கும்போது அவர் சொல்வதைக் கேட்பதுமே. காணிப் பிரச்சினை என்று வந்தவரின் பையில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கான வழக்குத் தவணை ஒன்று கிடந்ததை இரண்டு தடவை கண்டிருக்கிறேன். அவர்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஏனென்றால் அதுதான் அவசரமானது என்று அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்களின் வழக்கத்தைப் பாடப்புத்தகம் எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்பதையும் அங்கேதான் கண்டேன். யாழ்ப்பாணத்தாருக்குரிய மரபுச் சட்டமான தேசவழமை எங்கள் விரிவுரைகளில் மூன்று கிழமைகளை எடுத்துக்கொள்கிறது. ஒருகாலத்தில் இங்கே வழங்கிய, முக்குவர் சமூகத்தின் மரபுச் சட்டமான முக்குவர் சட்டம் ஒரு பந்தியோடு முடிந்துவிடுகிறது. அது 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டது என்று எழுதிப் புள்ளி வாங்குகிறோம். ஆனால் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்து, தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டிலுக்குப் போகும் வழக்கம் மட்டக்களப்பில் எங்கும் போய்விடவில்லை. எங்கள் மேசைக்கு வந்த குடும்பத் தகராறுகளில் கணிசமானவை வாயால் கொடுத்த வீடுகளைப் பற்றியவை. அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதென்றால் நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். இருபது வருடத்துக்கு முன் கல்யாணப் பந்தலில் சொன்ன வார்த்தைக்கு உறுதிப்பத்திரம் எங்கே என்று கேட்டால், முழு ஊரும் சாட்சி என்கிறார் மகள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, எந்தப் பக்கமும் சாயாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிப் பழகுவதற்கு அந்த மேசையைத் தவிர வேறிடம் எங்களுக்கு இருக்கவில்லை.

விரிவுரைக் குறிப்புகளின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்து, அதாவது அனுமதிப்பத்திரக்காரருக்குப் பின் காணி, யாருக்கு என்ற பட்டியல் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட போட்டோப் பிரதியில் இன்னமும் மூத்த மகனே முதலில் நிற்கிறார். அந்தப் பிழையை எங்களுக்குக் காட்டியவர் விரிவுரையாளர் அல்ல. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் எங்களுடன் பேசிய உத்தியோகத்தர். களப்பயிற்சி இல்லாதிருந்தால் அந்தப் பழைய பட்டியலையே ஒப்படையில் எழுதி, பழைய பட்டியலைக் கொண்டே திருத்தப்பட்டு, நல்ல புள்ளியும் பெற்றிருப்போம்.

இனி, சட்டத் துணையாளர் ஒருவரின் தேவை எங்கே அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள். நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை சட்டத்தரணிகளுக்கே உரியது. அதில் எங்களுக்குக் குழப்பமில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழான காதி நீதிமன்றத்திலும் அப்படியே. அதாவது, பெரும்பாலான ஏழைகள் முதலில் போய் நிற்கும் இரண்டு இடங்களிலும் அவர்கள் தனியாகவே பேச வேண்டும். கல்முனைப் பக்கத்தில் நாங்கள் நடத்திய இரண்டாவது மேசைக்கு, பிள்ளைகளின் பராமரிப்புச் செலவான தாபரிப்புக் கேட்டுக் காதியிடம் போகவிருந்த ஒரு தங்கை வந்தார். முதல் தடவை போனபோது அழுகையைத் தவிர எதுவும் வரவில்லை என்றார். சம்மாந்துறையைச் சேர்ந்த எங்கள் அணி மாணவி அவரோடு இரண்டு வெள்ளிக்கிழமைகள் இருந்து, கணவர் வீட்டை விட்டுப் போன நாள், கடைசியாகப் பணம் தந்த நாள், பால்மா, பாடசாலை, மருந்துச் செலவு என்று ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கொடுத்தார். அந்தத் தாளில் சட்டப் பிரிவு ஒன்றுகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தங்கை தானே வாசித்தார். தாபரிப்புக் கட்டளையும் கிடைத்தது. இதைச் சட்ட ஆலோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் செய்வதற்கு ஒரு பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியைத்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள்.

மொழியும் இதனோடு சேர்ந்ததே. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகூட 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. எங்கள் பட்டத்திலோ விரிவுரை, குறிப்பு, வினாத்தாள், ஒப்படை அனைத்தும் ஆங்கிலம். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை வாசிக்க அது வேண்டும். ஆனால் எங்கள் கையால் தமிழில் ஒரு சத்தியக்கடதாசியோ, மத்தியஸ்த சபைக்கு ஒரு முறைப்பாடோ எழுதிய ஒரே பாடம் களப்பயிற்சிதான். ஈடு, பின்னுரித்தாளர், தடைக்கட்டளை, தாபரிப்பு என்ற சொற்களை நாலு வருடப் படிப்பில் நான் உரத்துச் சொன்னதும் அங்கேதான். அதையும் எடுத்துவிட்டால், மட்டக்களப்பு நீதிமன்றத்துக்குள் போய் அங்கே பேசப்படும் தமிழ் விளங்காமல் நிற்கும் தமிழ்ப் பட்டதாரிகளை நீங்கள் உருவாக்குவீர்கள்.

இப்போது அந்த முறைப்பாடு. அந்த மாணவர் என் அணியைச் சேர்ந்தவர். அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை. நுண்நிதிக் கடனொன்றுக்காக அழைப்பாணை வந்த ஒரு பெண்ணிடம், அது வழக்குப் போடும் காலங்கடந்த கடன், தவணைக்குப் போகத் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். கடன் காலங்கடந்தது என்பது நீதிமன்றத்துக்குப் போய் எடுத்துச் சொல்ல வேண்டிய எதிர்வாதம், வீட்டில் இருப்பதற்கான அனுமதியல்ல. அந்தப் பெண் போகவில்லை; ஒருதலையாகத் தீர்ப்பு வந்தது. பாரதூரமான பிழை.

ஆனால் அன்று அந்த மேசையில் மேற்பார்வைச் சட்டத்தரணி இருக்கவில்லை. நான்கு மாதக் கொடுப்பனவு அவருக்கு வந்துசேரவில்லை. மூன்று தடவை எழுத்தில் கேட்டும் பதில் இல்லாததால், பணம் தீர்க்கப்படும் வரை வர இயலாது என்று அவர் திணைக்களத்துக்கு அறிவித்திருந்தார். அதைத் தொடர்ந்து, அணியின் பொறுப்பாளர் என்ற முறையில், மேற்பார்வை இல்லாமல் மேசையை நடத்துவதா மூடுவதா என்று நானும் எழுத்தில் கேட்டேன். எனக்கும் பதில் வரவில்லை. 80 வீத வரவு இல்லாதவர்களுக்குப் புள்ளி இல்லை என்ற விதி மட்டும் நடைமுறையில் இருந்தது. ஆகவே நாங்கள் போனோம், உட்கார்ந்தோம், சனம் வந்தது. மேசையை அன்று நானே மூடியிருக்க வேண்டும் என்பது என் பங்குப் பிழை. அதை இந்த மடலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பங்கை அறிவித்தற் பலகையில் நான் காணவில்லை.

அதன் பின் நடந்ததையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவின்படி, தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் நியாயமான காரணத்தைக் காட்டி அதை நீக்கும்படி கேட்கலாம். தாள் அந்தப் பெண்ணின் கைக்கு வந்த ஒன்பதாம் நாள் அவர் மறுபடியும் எங்கள் மேசைக்கே வந்தார். பிழை செய்த மாணவரும் நானும் மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற படகில் குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, எங்கள் மேற்பார்வைச் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு சதமும் பெறாமல் அவர் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தார். ஒருதலைத் தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் விசாரணைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. பிழை நடந்த இடமும் அது திருத்தப்பட்ட இடமும் ஒன்றே. முறைப்பாட்டை மட்டும் பதிந்து, திருத்தத்தைப் பதியாமல், அந்த இடத்தையே மூடுவதைத் தண்டனை என்று சொல்வதா, சிக்கனம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நிதியைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. இரண்டு மேசைகளுக்கும் மாதம் எட்டு நாட்கள் ஒரு சட்டத்தரணியும் ஒரு வான் கூலியும் தேவை. எங்கள் மாணவர்களில் பலர் ஏற்கெனவே தங்கள் செலவில் பஸ்ஸில்தான் வந்தார்கள். வானை நிறுத்தினாலும் வருவார்கள். சட்டத்தரணியை நிறுத்த முடியாது.

எனவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த அரையாண்டுக்குப் பாடங்களைப் பதிவுசெய்யும் முன்னர் இந்த முடிவை இடைநிறுத்தி, மாணவர்களையும் மேற்பார்வைச் சட்டத்தரணிகளையும் அழைத்துப் பீடச் சபை ஒரு தடவையேனும் நேரில் கேட்க வேண்டும். களப்பயிற்சியை இரண்டு அரையாண்டுகளுக்கும் மீளக் கொண்டுவர வேண்டும். சட்டத்தரணி இல்லாத நாளில் மேசை திறக்கப்படக் கூடாது என்பதையும், அந்த நாள் மாணவரின் வரவில் கழிக்கப்படாது என்பதையும் விதியாக எழுத வேண்டும். கொடுப்பனவை அரையாண்டு தொடங்கும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும், ஏற்கெனவே வேலை செய்தவருக்கு உள்ள நான்கு மாத நிலுவையை இந்த மாதமே தீர்க்க வேண்டும்.

மாணவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஒரே பக்கத்தில், தமிழில் எழுதி மேசையில் ஒட்டுங்கள்; எதிரே உட்காருபவரும் அதை வாசிக்கட்டும், வாசிக்கத் தெரியாதவருக்கு நாங்கள் வாசித்துக்காட்டுவோம். வரைவு சம்பந்தப்பட்ட எல்லாத் தொடர் மதிப்பீடுகளையும் தமிழில் எழுத அனுமதியுங்கள். காணிச் சட்டக் குறிப்புகளை 2022இன் திருத்தத்தோடு மறுபடியும் வெளியிடுங்கள். ஒப்படைக்கு நான் எதிரியல்ல. களப்பயிற்சியோடு அதுவும் இருக்கட்டும்.

முறைப்பாடு பற்றிய விசாரணையின் முடிவை, கட்சிக்காரரினதும் மாணவரினதும் பெயர்களை நீக்கி வெளியிடும்படியும் கேட்கிறேன். இந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்ட அறிக்கைக்கும் களப்பயிற்சிக் கணக்குக்கும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதற்குத் தீர்மானம் அறிவிக்க 14 வேலை நாட்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. படுவான்கரை மேசையில் முடிவடையாத 23 கோப்புகள் பல்தேவைக் கட்டடத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கின்றன. அவற்றில் நாலுபேருக்கு அடுத்த மாதம் தவணை இருக்கிறது. மேசை இனி இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டடத்து வாசலில் ஓர் அறிவித்தல்கூட ஒட்டப்படவில்லை. அலுமாரியின் சாவி இன்னும் என்னிடமே இருக்கிறது. அந்தக் கோப்புகளை எந்தச் சட்டத்தரணி பொறுப்பேற்கிறார், சாவியை நான் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும்.

இப்படிக்கு,
களப்பயிற்சி அணியின் பொறுப்பாளராக இருந்த மாணவி,
படுவான்கரை, மட்டக்களப்பு